ஒழுங்கு பலகோணமும் வட்டமும்: அளந்து கண்டதில் எது துல்லியம், எது நெருக்கம்?

கவராயம், அளவுகோல், ஒரு சாதாரண கால்குலேட்டர். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒழுங்கு பலகோணங்களை வட்டத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வரைந்து மூன்று முடிவுகளுக்கு வந்திருக்கிறீர்கள். ஒன்று: பக்க நீளம் ஒன்றாக இருந்தால், எந்த ஒழுங்கு பலகோணமானாலும் அதன் சுற்றுவட்டத்துக்கும் உள்வட்டத்துக்கும் இடையிலான வளையத்தின் பரப்பளவு மாறுவதில்லை. இரண்டு: வட்டத்துக்குள் அடங்கிய பலகோணத்தின் சுற்றளவையும், அதே வட்டத்தை வெளியிலிருந்து தொடும் பலகோணத்தின் சுற்றளவையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வட்டத்தின் பரிதி கிடைக்கிறது. மூன்று: வட்டத்துக்குள் வரைந்த சமபக்க முக்கோணத்தின் பக்கத்தில் பாதியைக் கவராயத்தில் எடுத்து வட்டத்தைச் சுற்றிக் குறித்துக்கொண்டு போனால் ஒழுங்கு எழுகோணம் அமைகிறது. இவை சரிதானா, புதியவையா, இதற்கு மேல் எதை ஆராயலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலாவது முழுக்கச் சரி. இரண்டாவது பாதி சரி. சற்றே திருத்தினால் நீங்கள் எதிர்பார்த்ததைவிடச் சிறந்த முடிவைத் தரும். மூன்றாவது தவறு, ஆனால் மயிரிழையில் தவறு. புதியவையா என்றால், இல்லை. மூன்றையும் பலர் முன்பே கண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரே நபரின் தாளில் துல்லியமான உண்மை ஒன்றும், நெருங்கி வரும் உண்மை ஒன்றும், உண்மைபோல் தோன்றும் பிழை ஒன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. மூன்றையும் அளவுகோல் ஒரே மாதிரிதான் காட்டும். வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் படத்துக்குள் இருக்கும் ஒரு சிறிய செங்கோண முக்கோணத்தைப் பார்க்க வேண்டும்.

பலகோணத்தின் மையத்திலிருந்து ஓர் உச்சிக்கு ஒரு கோடு போடுங்கள். அது சுற்றுவட்டத்தின் ஆரம். மையத்திலிருந்து பக்கத்தின் நடுப்புள்ளிக்கு இன்னொரு கோடு. அது உள்வட்டத்தின் ஆரம். நடுப்புள்ளியிலிருந்து அந்த உச்சி வரை உள்ளது பக்கத்தில் பாதி. உள்வட்டம் அந்தப் பக்கத்தை நடுப்புள்ளியில் தொடுவதால் அங்கே செங்கோணம். மையத்தில் உள்ள கோணம் 180 பாகையைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது: அறுகோணத்துக்கு 30, பன்னிருகோணத்துக்கு 15. இனி வருவதில் பெரும்பகுதி இந்த முக்கோணத்திலிருந்துதான் பிறக்கிறது.

வளையத்தை எடுத்துக்கொள்வோம். பக்க நீளம் 10 என்று வைத்து நீங்கள் கணக்கிட்டதை நானும் போட்டுப் பார்த்தேன். முக்கோணத்தில் பெரிய வட்டத்தின் பரப்பு 104.72, சிறியது 26.18. சதுரத்தில் 157.08, 78.54. அறுகோணத்தில் 314.16, 235.62. மூன்றிலும் வித்தியாசம் 78.54. காரணம் பிதாகரஸ் தேற்றம்: சுற்றுவட்ட ஆரத்தின் வர்க்கத்திலிருந்து உள்வட்ட ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் அரைப்பக்கத்தின் வர்க்கம் வரும். இரு பக்கமும் பையால் (π) பெருக்குங்கள். இடப்பக்கம் வளையத்தின் பரப்பு. வலப்பக்கம், பலகோணத்தின் பக்கத்தையே விட்டமாகக் கொண்ட வட்டத்தின் பரப்பு. பக்கங்களின் எண்ணிக்கை இந்தச் சமன்பாட்டில் எங்குமே வரவில்லை. அதனால்தான் அது எதுவானாலும் விடை மாறுவதில்லை. பக்கம் 10 ஆகவும் பக்கங்கள் ஆயிரமாகவும் உள்ள பலகோணத்தின் ஆரம் ஏறத்தாழ 1,592. வளையத்தின் அகலமோ 0.008கூட இல்லை. அந்த நூலிழை வளையத்தின் பரப்பும் அதே 78.54தான்.

இன்னொரு படி மேலே போகலாம். இந்த நிரூபணத்துக்குப் பலகோணம் முழுதாக மூட வேண்டிய தேவைகூட இல்லை. பெரிய வட்டத்தின் ஏதேனும் ஒரு நாண் சிறிய வட்டத்தைத் தொட்டால் போதும். ஆகவே ஐந்து முனை நட்சத்திரத்துக்கும் இது பொருந்தும்: நட்சத்திரத்தின் ஐந்து முனைகள் வழியாக ஒரு வட்டம், அதன் ஐந்து நீண்ட கோடுகளையும் உள்ளிருந்து தொடும் இன்னொரு வட்டம் வரைந்தால், நடுவே உள்ள வளையத்தின் பரப்பு ஒரு நீண்ட கோட்டை விட்டமாகக் கொண்ட வட்டத்தின் பரப்புக்குச் சமம். அந்த நாணை உள்வட்டத்தின்மேல் வழுக்கிச் சுழல விட்டால் அதன் ஒரு பாதி வளையம் முழுவதையும் ஒருமுறை துடைத்துவிடும் என்று பார்ப்பது இதைவிட அழகான வழி. ஆர்மீனியாவின் மமிகோன் ம்னாட்சகன்யான் 1959இல், மாணவப் பருவத்தில், இந்தப் பார்வையிலிருந்து தொடங்கி, வட்டமல்லாத வளைவுகளுக்கும் செல்லும் ஒரு பொதுத் தேற்றத்தையே கண்டார். உங்கள் முதல் முடிவு அப்படிப்பட்ட ஒன்றின் வாசற்படி.

அடுத்து சுற்றளவுகள். கணக்கை எளிதாக்க வட்டத்தின் விட்டத்தை 1 என்று கொள்வோம். அப்போது பரிதிதான் பை, அதாவது 3.14159. உள் அறுகோணத்தின் சுற்றளவு சரியாக 3. வெளி அறுகோணத்தின் சுற்றளவு 2√3, அதாவது 3.4641. உங்கள் முறைப்படி சராசரி 3.2321. பன்னிருகோணத்துக்கு உள் 3.1058, வெளி 3.2154, சராசரி 3.1606. பக்கங்கள் கூடக்கூடப் பரிதியை நெருங்குகிறது, உண்மை. ஆனால் எப்போதும் மேலேயே நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே திசையில் திரும்பத் திரும்ப வரும் பிழைக்குக் காரணம் இருந்தே தீரும்.

இரண்டும் எவ்வளவு விலகி இருக்கின்றன என்று தனித்தனியாகப் பாருங்கள். பன்னிருகோணத்தில் உள் சுற்றளவு பரிதியைவிட 0.0358 குறைவு, வெளி சுற்றளவு 0.0738 கூடுதல். 24 பக்கங்களில் குறைவு 0.0090, கூடுதல் 0.0181. 96 பக்கங்களில் குறைவு 0.00056, கூடுதல் 0.00112. வெளியே கூடுவது உள்ளே குறைவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பக்கங்கள் பெருகப் பெருக அந்த விகிதம் இரண்டை நோக்கிப் போகிறது. உள் சுற்றளவு சைனிலிருந்தும் வெளி சுற்றளவு டேன்ஜென்ட்டிலிருந்தும் வருகின்றன. கோணத்தை ரேடியனில் அளந்தால், சிறிய கோணங்களில் சைன் கோணத்தைவிடக் குறைவது ஏறத்தாழ கோணத்தின் முப்படியில் ஆறில் ஒரு பங்கு. டேன்ஜென்ட் மிகுவது மூன்றில் ஒரு பங்கு. இரண்டு மடங்கு அங்கேதான் உருவாகிறது.

அப்படியானால் இரண்டையும் சம எடையில் கூட்டக் கூடாது. உள் சுற்றளவை இரண்டு முறையும் வெளி சுற்றளவை ஒரு முறையும் கூட்டி மூன்றால் வகுங்கள். அறுகோணத்திலேயே 3.1547 கிடைக்கும். பன்னிருகோணத்தில் 3.1423. 96 பக்கங்களில் 3.1415928, ஏழாவது தசம இடத்தில்தான் பிசகுகிறது. சாதாரண சராசரி அதே 96 பக்கங்களுக்கு 3.14187 என்றுதான் தரும். நெதர்லாந்தின் வில்லெபிரார்ட் ஸ்னெல் 1621இல் இத்தகைய நெருக்கங்களை வெளியிட்டார். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1654இல், இருபத்தைந்து வயதில், அவற்றைக் கறாராக நிரூபித்தார். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்கள் வரை போய், பையின் மதிப்பு 3 10/71க்கும் 3 1/7க்கும் இடையில் இருக்கிறது என்று காட்டியது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில். அதே 96 பக்கங்களில் அதைவிடப் பல மடங்கு துல்லியம் ஒளிந்திருந்ததைக் காண ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்: அதிக உழைப்பு தேவைப்படவில்லை, இருக்கிற இரண்டு எண்களை எந்த விகிதத்தில் கலப்பது என்று பார்த்ததே போதுமாக இருந்தது.

திருத்திய பின்பும் இது நெருக்கம்தான், துல்லியம் அல்ல. துல்லியமான உறவுகளும் இங்கே இருக்கின்றன. உள் அறுகோணம் 3, வெளி அறுகோணம் 3.4641. இரண்டையும் பெருக்கி, அதை இரு மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள்: 20.7846ஐ 6.4641ஆல் வகுக்க 3.2154. இது வெளிப் பன்னிருகோணத்தின் சுற்றளவு, துல்லியமாக. இப்போது அந்த 3.2154ஐ உள் அறுகோணத்தின் 3ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 3.1058. இது உள் பன்னிருகோணம், அதுவும் துல்லியமாக. இதே இரண்டு செயல்களைத் திரும்பச் செய்தால் 24, இன்னொரு முறை செய்தால் 48, பிறகு 96. சைன் பொத்தான் இல்லாத கால்குலேட்டரே போதும். முதல் செயல் இசைச் சராசரி, இரண்டாவது பெருக்குச் சராசரி. நீங்கள் எடுத்தது கூட்டுச் சராசரி. ஆக, சராசரி எடுக்கலாம் என்ற உங்கள் எண்ணம் சரியானது. எந்தச் சராசரி என்பதில்தான் வழி மாறிவிட்டது.

பரப்பளவுகளிலும் இப்படி ஒன்று உண்டு. உள் பலகோணத்தின் பரப்பையும் வெளிப் பலகோணத்தின் பரப்பையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், இரு மடங்கு பக்கங்கள் கொண்ட உள் பலகோணத்தின் பரப்பு கிடைக்கும். இதைச் சோதிக்கும்போது ஓர் அழகான முடிவு தானே வந்து விழும்: ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் வரைந்த ஒழுங்கு பன்னிருகோணத்தின் பரப்பு சரியாக 3. பையும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை. சீனாவின் லியூ ஹூய் கி.பி. 263இல் உள் பலகோணங்களின் பரப்பை இரட்டித்துக்கொண்டே போய் 192 பக்கங்களில் 3.14ஐ அடைந்தது ஏறத்தாழ இந்தப் பாதையில்தான்.

இனி எழுகோணம். ஆரம் 1 என்றால் சமபக்க முக்கோணத்தின் பக்கம் √3. அதில் பாதி 0.86603. உண்மையான எழுகோணத்தின் பக்கம் 0.86777. ஐந்து சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஏழு முறை கவராயத்தை வைத்து முடித்ததும் தொடங்கிய புள்ளிக்கு வந்து சேர 0.7 மில்லிமீட்டர்கூடக் குறையாது. பென்சில் கோட்டின் தடிமனும் கவராய முனை போட்ட துளையும் சேர்ந்து அந்த இடைவெளியை விழுங்கிவிடும். நீங்கள் எவ்வளவு கவனமாக வரைந்திருந்தாலும் படம் பொருந்தியதாகவே தோன்றியிருக்கும். பத்தாம் நூற்றாண்டில் அபுல் வஃபா கைவினைஞர்களுக்குச் சொன்னதும், 1525இல் ஆல்பிரெக்ட் டியூரர் ஓவியர்களுக்குக் காட்டியதும் இதே முறையே. மரத்திலோ கல்லிலோ வேலை செய்பவருக்கு இது போதும். ஆனால் கணிதத்தில் போதாது.

போதாது என்பதைத் தசம எண்களின் துணை இல்லாமலே காட்ட முடியும். அதற்கு முன் ஒன்று செய்துபாருங்கள். ஆரம் 1 உள்ள வட்டத்தில் ஒழுங்கு பலகோணத்தின் ஓர் உச்சியிலிருந்து மற்ற எல்லா உச்சிகளுக்கும் நாண்கள் வரைந்து நீளங்களைப் பெருக்குங்கள். முக்கோணத்தில் √3 × √3 = 3. சதுரத்தில் √2 × 2 × √2 = 4. அறுகோணத்தில் 1 × √3 × 2 × √3 × 1 = 6. பெருக்கற்பலன் எப்போதும் பக்கங்களின் எண்ணிக்கைக்குச் சமம். இனி அவற்றின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: முக்கோணத்தில் 6, சதுரத்தில் 8, அறுகோணத்தில் 12. எப்போதும் பக்க எண்ணிக்கையின் இரு மடங்கு. பெருக்கல் விதியின் வேர் ஆங்கிலேயரான ரோஜர் கோட்ஸின் தேற்றத்தில் இருக்கிறது. அவர் 1716இல் இறந்த பிறகு 1722இல்தான் அது அச்சேறியது.

எழுகோணத்தில் ஓர் உச்சியிலிருந்து ஆறு நாண்கள். ஆனால் நீளங்கள் மூன்றே, ஒவ்வொன்றும் இருமுறை வரும். ஆகவே அந்த மூன்று நீளங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 7, பெருக்கினாலும் 7. இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 14. இதன்படி, எழுகோணப் பக்கத்தின் வர்க்கம் ஒரு முப்படிச் சமன்பாட்டை நிறைவு செய்ய வேண்டும்: அந்த எண்ணின் முப்படியிலிருந்து அதன் வர்க்கத்தின் ஏழு மடங்கைக் கழித்து, அந்த எண்ணின் 14 மடங்கைக் கூட்டி, 7ஐக் கழித்தால் சுழியம் வர வேண்டும். உங்கள் பக்கம் √3இல் பாதி. அதன் வர்க்கம் 3/4. அதை இட்டுப் பாருங்கள். 27/64, கழித்தல் 252/64, கூட்டல் 672/64, கழித்தல் 448/64. விடை கழித்தல் 1/64. சுழியம் இல்லை. அந்த அறுபத்துநான்கில் ஒன்றுதான் உங்கள் கவராயம் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்த பிழை.

வேறு ஏதாவது தந்திரத்தால் கவராயமும் கோடிடும் பட்டையும் மட்டும் கொண்டு எழுகோணத்தைத் துல்லியமாக வரைந்துவிடலாமா? முடியாது. இந்த முப்படிச் சமன்பாட்டுக்குப் பின்ன எண் தீர்வு கிடையாது. கவராயமும் பட்டையும் வர்க்கமூலங்களைத்தான் எடுக்கும், இத்தகைய முப்படியைத் தீர்க்காது. கார்ல் பிரீட்ரிக் காஸ் 1796இல், பத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, பதினேழு பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். எவற்றை வரைய முடியாது என்பதற்கான முழு நிரூபணத்தை 1837இல் பியர் வான்ட்செல் வெளியிட்டார். ஏழும் ஒன்பதும் அந்த முடியாதவற்றில் சேரும். எனவே எழுகோணத்துக்கு வழி தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன். ஐங்கோணத்தைத் துல்லியமாக வரையும் முறை ஏன் வேலை செய்கிறது என்று தேடினால் அந்த நேரத்துக்கு நூறு மடங்கு பலன் உண்டு.

இங்கிருந்து எங்கே போவது என்ற கேள்விக்கு இரண்டு யோசனைகள் சொல்வேன்.

ஒன்று, அடுக்குகள். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் முக்கோணம், அதற்குள் வட்டம், அதற்குள் சதுரம், அதற்குள் வட்டம், அதற்குள் ஐங்கோணம் என்று முடிவில்லாமல் போங்கள். ஆரங்கள் 0.5, 0.354, 0.286, 0.248, 0.223 என்று சுருங்கும். கடைசியில் ஒரு புள்ளியாகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆகாது, 0.1149 என்ற ஆரத்தை நோக்கிப் போய் அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு படியிலும் ஆரம் இழக்கும் பங்கு பக்க எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது: பத்துப் பக்கங்களில் ஏறத்தாழ நூற்றில் ஐந்து, நூறு பக்கங்களில் பத்தாயிரத்தில் ஐந்து. இந்த இழப்புகள் அனைத்தையும் சேர்த்தாலும் ஓர் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. மாறாக, எல்லாப் படியிலும் சதுரத்தையே வரைந்தால் வட்டம் உண்மையிலேயே புள்ளியை நோக்கிச் சுருங்கும். இதைக் கணக்கிடும்போது அவசரப்பட வேண்டாம். நூறு பக்கங்கள் வரை பெருக்கி நிறுத்தினால் 0.1207, ஆயிரம் வரை போனால் 0.1155; அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கும். இதையே வெளிப்புறமாக அடுக்கினால் ஆரம் 8.7000 வரை வளரும். 1940இல் வெளியான ஒரு புகழ்பெற்ற நூல் அதை ஏறத்தாழ 12 என்று அச்சிட்டது. 1965இல் பௌகாம்ப் என்ற நெதர்லாந்துக்காரர் துல்லியமாகக் கணக்கிட்டுத் திருத்தும்வரை அந்தப் பிழை உலவியது. வட்டங்களுக்கு இடையில் பலகோணங்களை வைப்பது கெப்ளரையும் ஈர்த்தது. 1595இல் கோள்களின் தூரங்களை அப்படி விளக்க முயன்றுவிட்டுத்தான் அவர் முப்பரிமாண வடிவங்களுக்கு மாறினார்.

இரண்டாவது, மேலே பார்த்த நாண் வர்க்கங்கள். உச்சியிலிருந்துதான் அளக்க வேண்டும் என்பதில்லை. சுற்றுவட்டத்தில் எந்தப் புள்ளியை எடுத்தாலும், அங்கிருந்து எல்லா உச்சிகளுக்கும் உள்ள தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் பக்க எண்ணிக்கையின் இரு மடங்கே வரும். பக்கங்கள் இரட்டைப்படையாக இருந்தால் நிரூபணம் ஒரே வரி: எதிரெதிர் உச்சிகள் விட்டத்தின் இரு முனைகள், அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம், எனவே ஒவ்வொரு சோடியும் விட்டத்தின் வர்க்கமான 4ஐத் தருகிறது. ஒற்றைப்படைக்கான நிரூபணத்தை நீங்களே தேடுங்கள்.

பிறகு வர்க்கத்துக்குப் பதிலாக நான்காம் அடுக்கை எடுத்துக் கூட்டுங்கள். முக்கோணத்தில் 18, சதுரத்தில் 24, அறுகோணத்தில் 36: பக்க எண்ணிக்கையின் ஆறு மடங்கு, புள்ளி எங்கிருந்தாலும். ஆறாம் அடுக்குக்குச் சதுரத்தில் 80, அதாவது இருபது மடங்கு. எட்டாம் அடுக்குக்கு, ஐங்கோணத்திலிருந்து தொடங்கி, எழுபது மடங்கு. 2, 6, 20, 70 என்பவை பாஸ்கல் முக்கோணத்தின் நட்டநடுவில் வரும் எண்கள். ஆனால் சமபக்க முக்கோணத்தில் ஆறாம் அடுக்கை முயன்றால் விதி உடைகிறது: உச்சியிலிருந்து அளந்தால் 54, இரு உச்சிகளுக்கு இடையிலான வில்லின் நடுவிலிருந்து அளந்தால் 66. சதுரத்தில் உடையாதது முக்கோணத்தில் ஏன் உடைகிறது, சதுரம் எந்த அடுக்கில் உடையும் என்பதைக் கண்டுபிடியுங்கள். இதற்கும் சாதாரண கால்குலேட்டர் போதும்.